எண் தகடு இல்லாத 4 சிலிண்டர் எஞ்சின்: எந்த வண்டியுடையது, உள்ளே என்ன இருக்கிறது?

இரும்புத்தூள் (இழையைத் தொடங்கியவர்)

ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கும் எஞ்சினின் விவரம்:

பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்த்தால் இன்லெட், எக்சாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் இடப்பக்கம். அதற்குக் கீழே பிளாக்கில் இரண்டு தகர மூடிகள், ஒன்றில் மேல்நோக்கி ஒரு குழாய். பிளக்குகள், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்), ஆயில் ஃபில்டர் எல்லாம் வலப்பக்கம். ராக்கர் கவர் மேலே இரண்டு நட்டுகளில் நிற்கிறது. எண் தகடு இல்லை, ரிவெட் துளைகள் மட்டும் தெரிகின்றன. பிளாக்கின் பக்கவாட்டில் பெயின்ட்டுக்கு அடியில் புடைப்பு எழுத்து ஏதோ இருக்கிறது, சுரண்டிப் பார்க்கவில்லை. கிராங்க் கையால் கால் சுற்று திரும்பி நின்றுவிடுகிறது.

விற்றவர் "எம்ஜி எஞ்சின்" (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) என்கிறார். இதன் பூர்வீகம் என்ன? திறப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

போர்கேஜ்

மேனிஃபோல்டு ஒரு பக்கம், பிளக்கும் டெல்கோவும் மறுபக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு டாப்பெட் (கேம் தள்ளும் உருளை) மூடிகள். இது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரீஸ் குடும்பம். உறுதி செய்ய மேனிஃபோல்டைக் கழற்றி ஹெட்டில் துவாரங்களை எண்ணுங்கள். இன்லெட்டுக்கு இரண்டு, எக்சாஸ்ட்டுக்கு மூன்று, ஆக ஐந்துதான் இருக்கும். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் துவாரம். 3, 4க்கு இன்னொன்று. எக்சாஸ்ட்டில் நடுத்துவாரம் 2, 3 இரண்டுக்கும் பொது, ஓரத்து இரண்டும் தனித்தனி. அதனால் ராக்கர் கவரைத் திறந்தால் வால்வு வரிசை முன்னாலிருந்து எக்சாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்சாஸ்ட் என்று வரும். பிறகு அதே வரிசை மறுபடியும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

நம் நாட்டில் இந்த எஞ்சின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்பாசடர்தான். ஆனால் எல்லா அம்பாசடரிலும் இது இல்லை. 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையில் வண்டி வெளிவரத் தொடங்கியபோது 1476 சிசி சைடு வால்வு எஞ்சின்தான் (போர், அதாவது சிலிண்டர் விட்டம் 73.5, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம் 87 மி.மீ.). அதில் ராக்கர் கவரே கிடையாது, ஹெட் தட்டையான மூடி மாதிரி இருக்கும். 1959இல்தான் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு பி-சீரீஸ் வந்தது. இங்கிலாந்தில் இதே 1489 எஞ்சின் 1954லேயே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 2இல் இருந்தது. 1990களில் வந்த 1817 சிசி இசுசு வேறு ஜாதி: அலுமினிய ஹெட், கேம்ஷாஃப்ட் மேலே. பிரீமியர் பத்மினியின் 1089 சிசியும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 948 சிசியும் அளவிலேயே சின்னவை, ஸ்ட்ரோக் 75, 76 மி.மீ. என்று தனியாகத் தெரிந்துவிடும்.

பி-சீரீஸ் பெட்ரோல் எஞ்சின்களில் ஸ்ட்ரோக் மாறவே இல்லை, எல்லாம் 88.9 மி.மீ. (மூன்றரை அங்குலம்). போர் மட்டும்தான் வளர்ந்தது:

1200 சிசி: 65.48 மி.மீ.
1489 சிசி: 73.03
1588 சிசி: 75.4
1622 சிசி: 76.2
1798 சிசி: 80.26

ஆகவே ஸ்ட்ரோக் குடும்பத்தைச் சொல்லும், போர்தான் ஆளைச் சொல்லும். பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு ஸ்ட்ரோக் அளக்க வேண்டாம். இதில் துளை சாய்வு. கம்பி சறுக்கி அளவு தப்பாக வரும், சமயத்தில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். ஹெட்டை எடுத்துவிட்டு டெப்த் கேஜ் வைத்து அளங்கள்.

---

ரிவெட்

தகடு பற்றி ஒரு வார்த்தை. பிஎம்சி 1950களின் பின்பாதியில் கொண்டுவந்த எண்முறையைப் படிப்பது சுலபம். எம்ஜிஏ (எம்ஜியின் ஒரு மாடல்) எஞ்சினில் வரும் 15ஜிடி-யூ-எச் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 15 என்றால் 1489 சிசி, ஜி என்றால் எம்ஜி, டி அதன் உட்பிரிவு. யூ என்றால் தரையில் கியர் லீவர், எச் என்றால் உயர் கம்ப்ரஷன். எண்ணை அடுத்து வரும் எழுத்துதான் கம்பெனிப் பெயர்: ஆஸ்டினுக்கு ஏ, மோரிஸுக்கு எம், ரைலிக்கு ஆர், வுல்ஸ்லிக்கு டபிள்யூ. ஸ்டியரிங்கில் கியர் லீவர் இருந்தால் யூவுக்குப் பதில் என். கம்ப்ரஷன் குறைவென்றால் எல்.

இவ்வளவும் தெரிந்தாலும் தகட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது ரிவெட்டில் நிற்கும் ஒரு தகரத் துண்டு. பிளாக் மாறும்போது பழைய தகட்டையே புதியதில் அடித்தவர்கள் உண்டு, கழற்றித் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. பிஎம்சியே "கோல்டு சீல்" என்று பொன்னிற பெயின்ட் அடித்து விற்ற ரீகண்டிஷன் எஞ்சின்களுக்கு எண் வரிசையே வேறு. தகடு இல்லாமல் போனது ஒருவிதத்தில் நல்லது. இனி இரும்பைத்தான் கேட்க வேண்டும்.

பிளாக்கில் உள்ள புடைப்பு எழுத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், உளி வேண்டாம். 1500 அல்லது 1622 அல்லது 1800 என்று கொள்ளளவு வரலாம்.

---

சைடுவால்வு

@இரும்புத்தூள், "எம்ஜி" என்று சொன்னால் எந்த எம்ஜி என்று கேட்க வேண்டும். டிசி, டிடி மாடல்களில் இருந்தது எக்ஸ்பிஏஜி என்ற எஞ்சின், 1250 சிசி. கடைசி டிஎஃப்-இல் 1466 சிசி, அதையும் "1500" என்றே சொல்வார்கள். அவற்றின் ஸ்ட்ரோக் 90 மி.மீ., பி-சீரீஸுக்கும் அதற்கும் உறவில்லை. ஸ்பானர் வைத்தாலே தெரிந்துவிடும். பி-சீரீஸில் யுஎன்எஃப் (அங்குல அளவு) மரை, தலைக்கு 1/2, 9/16 ஏஎஃப் (தலையின் எதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்த) ஸ்பானர் பொருந்தும். எக்ஸ்பிஏஜியில் மரை மெட்ரிக், ஆனால் போல்ட் தலை விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு)! மோரிஸ் 1923இல் கோவென்ட்ரியில் வாங்கிய ஹாட்ச்கிஸ் ஆலை பிரெஞ்சுக்காரர்களுடையது. அங்கிருந்த மெஷின்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை, ஊரில் புழங்கிய ஸ்பானரோ விட்வொர்த். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் துளைகளில் யுஎன்எஃப் போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்தது தனிக் கதை.

---

டெல்கோ

எம்ஜிஏவா, சாதாரண செடான் எஞ்சினா என்று பிளாக்கை வைத்துப் பிரிப்பது கஷ்டம். ஹெட்டை வைத்துப் பிரிக்கலாம். எம்ஜிஏ 1500 ஹெட்டில் இன்லெட் வால்வு 38.1 மி.மீ. (ஒன்றரை அங்குலம்), ஆக்ஸ்ஃபோர்ட், அம்பாசடர் வகையில் அதைவிடச் சிறியது. கம்ப்ரஷனும் அங்கே 8.3, இங்கே 7.2. இன்னொன்று: எம்ஜிஏவில் எலக்ட்ரிக் எஸ்யூ பெட்ரோல் பம்ப் வண்டியின் பின்பக்கம் இருக்கும், எஞ்சினில் பம்ப் கிடையாது. உங்கள் பிளாக்கில் மெக்கானிக்கல் பம்ப் உட்கார்ந்த தடமோ கேம்ஷாஃப்ட்டில் அதைத் தள்ளும் எக்சென்ட்ரிக்கோ இருந்தால் எம்ஜி பேச்சை விட்டுவிடலாம்.

இரட்டை கார்புரேட்டர் இருப்பதை ஆதாரமாகச் சொன்னால் ஏற்காதீர்கள். மேனிஃபோல்டு ஆறு ஸ்டட்டில் நிற்கும் சாமான், யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

ஹெட்டைக் கழற்றும்போது கவனம். ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகள் மொத்தம் 11. ஏழு வெளியே தெரியும். மீதி நான்கு ராக்கர் தாங்கிகளின் வழியாகப் போகின்றன. அந்தத் தாங்கிகளில் இவை தவிர சிறிய நட்டு நான்கு உண்டு, அவை ராக்கரை மட்டும் பிடிப்பவை. ராக்கர் ஷாஃப்டைத்தானே எடுக்கிறோம் என்று அந்தப் பக்கத்து நட்டுகளை மட்டும் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கம் அழுத்தம் போய், மறுபக்கம் இறுகி நிற்கும். ஹெட் கோணும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, 15 நட்டுகளையும் சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறித் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டால் கேஸ்கெட் இடுக்கில் திருப்புளி வைத்து நெம்பாதீர்கள். பக்கவாட்டில் மரச்சுத்தியல் போதும். புஷ் ராடுகளை எடுக்கும்போது மெல்ல ஆட்டிவிட்டு இழுங்கள், இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கில் டாப்பெட்டும் கூடவே எழும்பி வரும்.

---

இரும்புத்தூள்

ஹெட் வந்துவிட்டது. துவாரம் ஐந்துதான். புடைப்பு எழுத்து 1500. அளவுகள்:

ஸ்ட்ரோக் 88.9. போர் 74.04, ஆனால் 3ஆம் சிலிண்டரில் மேல் விளிம்புக்குக் கீழே 74.19. பிஸ்டன் தலையில் 040 என்று அடித்திருக்கிறது. இன்லெட் வால்வு தலை சுமார் 35 மி.மீ. மெக்கானிக்கல் பம்ப்புக்கான முகம் இருக்கிறது, தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். 2ஆம் சிலிண்டர் சுவரில் பிஸ்டன் பின் இருக்கும் திசையில், முன்னும் பின்னுமாக, ஆழமான நேர்க்கோட்டுக் கீறல். மற்ற மூன்றில் இல்லை.

---

போர்கேஜ்

கணக்கு சரியாக வருகிறது. 73.03 + 0.040 அங்குலம் (1.02 மி.மீ.) = 74.04. 1489 பிளாக், நாற்பது ஓவர்சைஸ், இப்போதைய கொள்ளளவு ஏறக்குறைய 1531 சிசி. 1500 எழுத்து, சிறிய வால்வு, பம்ப் முகம் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. செடான் எஞ்சின்; எம்ஜி இல்லை. இதே 1489 கான்டெசாவின் ஆரம்ப வண்டிகளிலும் இருந்தது, ஆகவே அம்பாசடர் என்று மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

3ஆம் சிலிண்டரில் 0.15 மி.மீ. தேய்மானம் அதிகம், அந்த பிஸ்டனில் ரிங் மாற்றி ஓட்டுவது வீண். ஏற்கெனவே நாற்பது போனதால் அடுத்த முறை போர் கடையும் முன் சுவர் கனம் பார்க்க வேண்டும், தேவையென்றால் லைனர் (சிலிண்டருக்குள் புது உள்குழாய்) அடித்து ஸ்டாண்டர்டுக்கே திரும்பலாம்.

ஹெட்டில் 2, 3ஆம் சிலிண்டர்களின் எக்சாஸ்ட் வால்வு சீட்டுகளைச் சுற்றி விரிசல் தேடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரே துவாரத்தில் புகை விடுகின்றன, ஹெட்டிலேயே அதிகம் சூடேறும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாது, டை பெனட்ரன்ட் (விரிசலில் ஊறிக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள்.

---

லாக்வாஷர்

2ஆம் சிலிண்டர் கீறலுக்குக் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம். இந்த எஞ்சினில் பிஸ்டன் பின்னைப் பிடிப்பது சர்க்ளிப் இல்லை. கனெக்டிங் ராடின் சின்ன முனை பிளந்திருக்கும், அதன் குறுக்கே ஒரு கிளாம்ப் போல்ட் பின்னை இறுக்கிப் பிடிக்கும். பின்னின் நடுவில் போல்ட் உட்கார ஒரு காடி உண்டு. போல்ட் தளர்ந்தால் பின் பக்கவாட்டில் நகர்ந்து போரை உழும். உங்கள் கீறல் பின் திசையில் இருப்பதே அடையாளம். ரிங் உடைந்த கீறல் என்றால் இப்படி நேராக இரண்டு பக்கமும் வராது.

அந்த ராடை அப்படியே திரும்பப் போடக் கூடாது, போல்ட்டும் மரையும் சந்தேகத்துக்குரியவை. மாட்டும்போது ராடை வைஸில் பிடித்து கிளாம்ப் போல்ட்டை முறுக்கினால் ராடே திருகிக்கொள்ளும். பின்னின் இரண்டு முனையிலும் பித்தளைக் கட்டை கொடுத்து, பின்னைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். முறுக்கு அளவு 25 அடி-பவுண்டு (34 நியூட்டன் மீட்டர்). போல்ட் கையால் முழுக்க இறங்காவிட்டால் காடி நேராக இல்லை என்று பொருள், முறுக்கி இறக்காதீர்கள்.

அடுத்து ஆயில் சேம்பரைக் கழற்றுங்கள். பிக் எண்ட் மூடி நேராகப் பிளக்காமல் சாய்வாகப் பிளந்திருக்கும். கிராங்க் பின் பருமனாக இருப்பதால் நேராகப் பிளந்த ராட் போர் வழியாக ஏறாது, அதற்காகவே அந்தச் சாய்வு. பிஸ்டனும் ராடும் மேல் வழியாகத்தான் வரும்; எனவே முதலில் போரின் மேல் விளிம்பில் உள்ள கார்பன் படியை எடுத்துவிடுங்கள். ராடுகளில் ஆஃப்செட் உண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பிக் எண்ட் ஒரு பக்கம் உரசும். எண் அடித்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ராட், மூடி இரண்டிலும் ஒரே பக்கம் நீங்களே அடையாளம் வையுங்கள்.

---

இரும்புத்தூள்

சேம்பர் இறங்கியது. மெயின் பேரிங் மூன்று. பேரிங் ஷெல்லின் முதுகில் 020. மெயின் ஜர்னல் (கிராங்கில் மெயின் பேரிங் பிடிக்கும் பகுதி) மூன்றும் 50.30. கிராங்க் பின் 47.14, 47.14, 47.09, 47.14. 3ஆம் பின்னைத் திருப்பி அளந்தால் 47.13. கிராங்க் ஏன் திரும்பவில்லை என்றும் தெரிந்தது: 4ஆம் சிலிண்டரில் துரு.

---

போர்கேஜ்

ஸ்டாண்டர்ட் மெயின் ஜர்னல் 50.81, கிராங்க் பின் 47.65. இரண்டிலும் 0.51 கழித்தால் உங்கள் அளவு. ஷெல்லும் அதையே சொல்கிறது, இருபது (0.020 அங்குலம்) அண்டர்சைஸ் கிராங்க். 3ஆம் பின் 0.04 ஓவல். 0.02 தாண்டினாலே புது ஷெல் போட்டுப் பயனில்லை என்பது என் கருத்து. எல்லாப் பின்களையும் முப்பதுக்கு, அதாவது 46.89க்கு அரைக்க வேண்டும். மெயின் ஜர்னல் வட்டமாகவே இருந்தால் இருபதிலேயே விடலாம், இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1798இன் கிராங்கைப் போடலாமா என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். ஸ்ட்ரோக் ஒன்றுதான், ஆனால் மெயின் ஜர்னல் 54 மி.மீ. 1964 கடைசியிலிருந்து அதற்கு ஐந்து மெயின் பேரிங் வேறு.

---

டெல்கோ

நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கும், மொத்தம் நான்கு. எண்ணெய்க் காடி உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும், பேரிங் பக்கம் அல்ல. கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.075 மி.மீ. கிளட்ச் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறும் என்ற புகார் வந்தால் இங்கேதான் தேய்மானம். மெயின் நட்டு 70 அடி-பவுண்டு (95), பிக் எண்ட் 35 (47). பூட்டுத் தகடுகள் புதிதாகப் போடுங்கள்.

டைமிங் செயின் டென்ஷனரை இழுத்துக் கழற்றாதீர்கள், ஸ்பிரிங் தெறிக்கும். ரெனால்டு வகையாக இருந்தால் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி, 1/8 அங்குல ஆலன் சாவியை விட்டு வலப்பக்கம் திருப்புங்கள். ரப்பர் முகம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். மாட்டும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் குழிகளும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

டெல்கோவை ஓட்டும் தண்டை நெம்பி எடுக்க முடியாது. அதன் தலையில் 5/16 யுஎன்எஃப் மரை உண்டு, நீளமான போல்ட்டைத் திருகித் தூக்கினால் சுழன்றபடி வெளியே வரும். கேம்ஷாஃப்ட்டை எடுக்கும் முன் இது வந்தே ஆக வேண்டும்.

---

ரிவெட்

கேம்ஷாஃப்ட் பேரிங் மாற்றுவதானால் ஒரு எச்சரிக்கை. ராக்கருக்கு எண்ணெய் போகும் வழி இதுதான்: பின்பக்க கேம் பேரிங்கிலிருந்து பிளாக், ஹெட் வழியாக ஏறி, கடைசி ராக்கர் தாங்கிக்குள் போகிறது. புது லைனர் அடிக்கும்போது துளை துளி விலகினாலும் மேலே சொட்டு எண்ணெய் வராது. ஆயில் பிரஷர் மீட்டரோ நன்றாகவே காட்டும்! லைனர் அடித்த கையோடு ஒரு கம்பியை விட்டு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் உங்கள் எஞ்சினிலும் அந்த வழி ஏற்கெனவே அடைத்திருக்கலாம்.

---

சைடுவால்வு

பின்பக்க எண்ணெய்க் கசிவு பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த மூன்று பேரிங் எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே வெட்டிய திருகுக் காடி சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றதும் ஓரிரு சொட்டு விழுந்தால் அது பழுது அல்ல. நிறைய ஒழுகினால் முதலில் முன்பக்க டாப்பெட் மூடியில் உள்ள ப்ரீதர் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் கிராங்க் கேஸில் காற்றழுத்தம் ஏறி எண்ணெயைக் காடி வழியாகவே வெளியே தள்ளும். கிளட்ச்சில் எண்ணெய் ஏறியதும் கியர்பாக்ஸை இறக்குகிறார்கள், குழாயைப் பார்ப்பதில்லை.

---

இரும்புத்தூள்

ஹெட்டில் விரிசல் இல்லை. வால்வு ஸ்டெம்மில் சின்ன ரப்பர் வளையங்கள் பொடிந்துபோய் இருக்கின்றன. எங்கே உட்காரும்?

---

லாக்வாஷர்

முதலில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடியுங்கள். பிறகு புது வளையத்தை எண்ணெயில் நனைத்து ஸ்டெம்மில் இறக்குங்கள், காட்டர்கள் (ஸ்பிரிங் மூடியை ஸ்டெம்மில் பிடிக்கும் பூட்டுத் துண்டுகள்) உட்காரும் காடிக்கு அடியில் அது நிற்க வேண்டும். அதன் மேல்தான் காட்டர்கள். வளையத்தை முதலில் போட்டுவிட்டு ஸ்பிரிங்கை இறக்கினால் அது கிழியும், ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வரும். வால்வு இடைவெளி 0.38 மி.மீ. (0.015 அங்குலம்). சரிபார்க்க ஒன்பது கணக்கு: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐ அளக்கலாம், 6 திறந்தால் 3. கூட்டினால் ஒன்பது வரும்படி மற்றவையும்.

பிளாக்கைப் போர் கடைய அனுப்பும் முன் கோர் பிளக்குகளைக் கழற்றி, 4ஆம் சிலிண்டரைச் சுற்றி உள்ள தண்ணீர்ப் பாதையில் கம்பி விட்டுக் கிளறுங்கள். சேறு முழுக்கப் பின்பக்கம்தான் தேங்கும், வடிகால் குழாயையும் அதுதான் அடைத்திருக்கும். லைனர் அடிப்பதானால் அந்தச் சேறு போன பிறகே சுவர் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.